குறுக்கே மாட்டிய பெல்ட்

அரூர் கடைத்தெருவில் ஒரு மாவு மில்லில் ஒன்பது வருடம் இருந்தோம். வேலையும் அங்கேதான், குடியிருப்பும் அங்கேதான். மில்லை ஒட்டி ஒரே ஒரு அறை. மில் ஓட்டுகிறவருக்கு அந்த அறை. வேலையை விட்டால் அறையையும் விட வேண்டும். வேறு பேச்சில்லை.

என் வீட்டுக்காரர் மோட்டாரையும் இன்ஜினையும் பார்ப்பார். நான் தானியம் கொட்டுவேன், மாவு அள்ளுவேன், கூட்டுவேன். நாலாவது வரைக்கும் படித்தவள் நான். அந்த வேலைக்கு அதுவே அதிகம்.

உள்ளே இரண்டு மெஷின். ஒன்றில் ராகி, கம்பு, அரிசி. இன்னொன்றில் மிளகாய், மல்லி, சீயக்காய். சுவர் ஓரமாக நீளத்துக்கு ஒரு இரும்புத் தண்டு ஓடும். ஷாஃப்ட் என்போம். அதிலிருந்துதான் இரண்டு மெஷினுக்கும் பெல்ட். கரண்ட் இருந்தால் மோட்டார் ஷாஃப்டைச் சுழற்றும். கரண்ட் போனால் பின்சந்தில் சாய்ப்புக்குக் கீழே இருந்த ஆயில் இன்ஜின் சுழற்றும்.

எங்கள் அறையின் கதவு அந்தச் சந்துப் பக்கம் இருந்தது. அறைக்கும் மில்லுக்கும் நடுவே ஒரு சுவர். அது கூரை வரை போகவில்லை. மேலே ஒரு முழம் சும்மா விட்டிருந்தார்கள். அதில் சாக்கு திணித்து வைத்திருந்தோம்.

மகளுக்கு அப்போது நாலு வயது. ஒரே பிள்ளை. பிறந்ததிலிருந்து அவளுக்கு இழுப்பு. வந்துவிட்டால் கழுத்துக்குழி உள்ளே போகும். விலா எலும்பு தெரியும். நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். படுக்க முடியாது. உட்கார்ந்தே இருப்பாள். அழுதால் மூச்சு இன்னும் முட்டும் என்று அவளுக்கே தெரியும். அதனால் அழமாட்டாள்.

சிஸ்டர்கள் நடத்திய மருந்தகத்துக்குத் தூக்கிப் போனேன். வயதான சிஸ்டர் ஒருவர் முதுகில் காதை வைத்துக் கேட்டார்.

"தூசி இவளுக்கு ஆகாதும்மா. மில்லுல வெச்சிருந்தா ஒரு நாளைக்கு மூச்சு திரும்பாது."

"வேற எங்க சிஸ்டர் வெக்கறது?"

அவர் மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

அதியமான்கோட்டைப் பக்கம் என் அண்ணன் வீடு. அங்கே கொண்டுபோய் விட்டோம். ஒரு வாரம் ஆனது. அடுத்த வாரம் அண்ணியே பஸ் ஏறிக் கொண்டுவந்து விட்டார்.

"விடிய விடிய உக்காந்தே கெடக்குதுங்க. நானும் கூடவே உக்காந்திருந்தேன். ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா என் தலையில விடியும். நீங்களே பாத்துக்கங்க."

அவர் மேல் குற்றமில்லை. அங்கேயும் விறகடுப்புதான், புகைதான்.

மில்லின் பின்சுவரில் ஒரு ஃபேன் இருந்தது. உள்ளே இருக்கிற தூசியை இழுத்துச் சந்தில் தள்ளும். அது எங்களுக்காக வைத்ததில்லை. எதிரே டீக்கடை. நாங்கள் மிளகாய் அரைத்தால் அங்கே டீ குடிக்கிறவர்கள் எல்லோரும் தும்முவார்கள். டீக்கடைக்காரர் எங்களைவிடச் சின்னவர். என்னை அண்ணி என்பார். ஒரு நாள் முதலாளி எதிரிலேயே கிளாஸை நீட்டினார்.

"குடிச்சிப் பாருங்க மொதலாளி. சக்கரை போட்ட டீ காரமா இருக்குது. அரூர்ல வேற எங்கயும் கெடைக்காது."

முதலாளி சிரித்தார். ஆனால் எங்கள் மேல் மனுப் போய்விட்டது. சுகாதாரத்துறையில் இருந்து ஆள் வந்து பார்த்தார். மிளகாய் அரைக்கும்போது முன்கதவைச் சாத்த வேண்டும், பின்னால் ஃபேன் ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஃபேன் வந்தது அப்படித்தான்.

வந்தபின் எங்கள் அறையில் தூசி குறைந்தது. மேலே திணித்த சாக்கைத் தொட்டால், காற்று நம் பக்கமிருந்து மில்லுக்குள் போவது கைக்குத் தெரியும். மகள் இரண்டு மாதம் நன்றாகத் தூங்கினாள்.

அப்புறம் கரண்ட் போக ஆரம்பித்தது. எழுபதுகளின் ஆரம்பம் அது. மழை இல்லை, அணையில் தண்ணீர் இல்லை என்றார்கள். பகலில் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வந்த நேரம் ராகிக்கே போதவில்லை. எங்கள் பக்கம் ராகி மாவு இல்லாவிட்டால் அன்றைக்குக் களி இல்லை. களி இல்லாவிட்டால் சாப்பாடே இல்லை. பொம்பளைகள் கூடையோடு வரிசையில் நிற்பார்கள். கரண்ட் வந்ததும் ராகிதான் முதலில். மிளகாய் தள்ளித் தள்ளி இன்ஜின் ஓடும் நேரத்துக்குப் போனது.

இன்ஜினில் மெஷின் ஓடும். ஃபேன் ஓடாது. ஃபேனுக்குக் கரண்ட் வேண்டும். ஆனால் கதவு மட்டும் சாத்தித்தான் இருக்க வேண்டும்.

உள்ளே நானும் அவரும். மூக்கில் ஈரத்துண்டு. கண்ணைத் திறந்தால் எரியும், மூடினால் கை மெஷினுக்குள் போகும். பாதிக் கண்ணில் வேலை செய்யப் பழகினேன். தொண்டை எரிச்சல் போக மோர் குடிப்போம், போகாது. அதெல்லாம் பெரியவர்கள் தாங்குவோம்.

மகளை என்ன செய்வது? வெளியே விட்டால் கடைத்தெரு, லாரி. உள்ளே விட்டால் மில். அறையில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போடுவேன். போடாவிட்டால் என்னைத் தேடி வந்துவிடுவாள். கதவின் அடியில் ஈரச் சாக்கு வைப்பேன். மேலே சுவர் இடைவெளிச் சாக்கையும் நனைப்பேன். அவளிடம் ஒரு பித்தளை டம்ளர் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு நடை மிளகாய் முடிந்ததும் இந்தப் பக்கம் இருந்து முறத்தின் விளிம்பால் சுவரைத் தட்டுவேன். அவள் டம்ளரால் திருப்பித் தட்டுவாள். சரி, மூச்சு இருக்கிறது. அடுத்த நடை கொட்டுவேன்.

அவருக்கும் அது மனதில் கிடந்தது. வாய்விட்டுச் சொல்கிறவர் இல்லை. ஒரு நாள் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஷாஃப்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏ புள்ள, மெஷினை இன்ஜின் சுத்துதுல்ல?"

"ஆமாங்க."

"அப்ப ஃபேனை மட்டும் எதுக்கு சுத்தக்கூடாது?"

சேலம் ரோட்டில் லாரி பழுது பார்க்கும் ஷெட் ஒன்று இருந்தது. அங்கே கழித்துப் போட்ட ரேடியேட்டர் ஃபேன் ஒன்றை வாங்கி வந்தார். கரண்ட் ஃபேனுக்குக் கீழே சுவரில் இன்னொரு ஓட்டை போட்டார். இரும்புக் கம்பியில் இறக்கையைக் கோத்து, மரத்தில் ஒரு சக்கரம் செய்து, ஷாஃப்டில் இருந்து அதற்கு ஒரு பெல்ட் இழுத்தார். நாலு நாள் வேலை. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. செய்தால் செய் என்று விட்டுவிட்டார்.

முதல் நாள் இன்ஜினில் ஓட்டினோம். பெல்ட் வழுக்கியது. மில்லில் எல்லாவற்றின் மேலும் மாவு படியும். மாவு படிந்த பெல்ட் சக்கரத்தைப் பிடிக்காது. ஃபேன் இரண்டு சுற்றுச் சுற்றும், நிற்கும். பெல்ட்டை வெட்டி இறுக்கித் தைத்தார். அப்போதும் வழுக்கியது.

அப்போது மில்காரர்கள் எல்லோரும் செய்கிற ஒன்றைச் செய்தார். பெல்ட்டைக் கழற்றி எட்டு மாதிரி குறுக்கே மாட்டினார். குறுக்கே போட்டால் பெல்ட் சக்கரத்தை அதிகம் தழுவும். வழுக்காது. பெல்ட் கையாண்ட எவரும் இதைத்தான் செய்வார்கள்.

ஃபேன் சும்மா பறந்தது. இறக்கையே கண்ணுக்குத் தெரியவில்லை. முகத்தில் காற்று ஜிலுஜிலு என்று அடித்தது. பங்குனி வெயில். கதவு சாத்திய மில். ஓட்டுக் கூரை. அந்தக் காற்றுக்கு முன்னால் நான் முந்தானையை விரித்துக்கொண்டு நின்றேன். முதலாளி வந்து சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டு நின்றார்.

"என்னாப்பா இது, ஏற்காட்டுக்கு வந்த மாதிரி இருக்குது!"

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

காற்று முகத்தில் அடித்தது. நல்ல காற்று என்று நினைத்தோம். தூசி இழுக்கும் ஃபேன் முகத்தில் காற்று அடிக்குமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

டீக்கடைக்காரர் மட்டும் ஒரு நாள் வந்து சொன்னார்.

"அண்ணி, புது ஃபேன் போட்டீங்களே, அப்புறம்தான் எனக்குத் தும்மல் ஜாஸ்தியா இருக்குது. கதவு சந்துல இருந்து குபுகுபுன்னு வருது."

வீட்டுக்காரர் உள்ளே இருந்தே குரல் கொடுத்தார்.

"டீத்தூளை மாத்துய்யா மொதல்ல. அதுல இருந்துதான் வருது."

அவரும் சிரித்துக்கொண்டு போய்விட்டார். உள்ளே இன்ஜின் புகை வாசம் அடிக்கிறதே என்று நானும் ஒரு தடவை கேட்டேன். காத்து இந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்றார். விட்டுவிட்டேன். மகள் அந்த வாரம் இரண்டு தடவை இழுத்தாள். வெயிலுக்கு என்று நினைத்தேன். அமாவாசை வருகிறது, அதற்கு என்று கூட நினைத்தேன். ஃபேன் மேல் மட்டும் சந்தேகமே வரவில்லை. அது அவள் அப்பா அவளுக்காகச் செய்தது.

ஒரு கல்யாண வீட்டு மிளகாய் வந்தது. இரண்டு மூட்டை. காய்ந்து கலகல என்று இருந்தது. மத்தியானம் கரண்ட் இல்லை. இன்றைக்கே வேண்டும் என்று கல்யாண வீட்டு அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பந்தல் போட்டாச்சு. தூளு இல்லாம கொழம்பு எப்பிடிடீ வெப்பேன்?"

இன்ஜினைப் போட்டார். கதவைச் சாத்தினோம். மகளை அறையில் விட்டேன். டம்ளரைக் கையில் கொடுத்தேன். தாழ்ப்பாள் போட்டேன்.

முதல் நடை. தட்டினேன். தட்டினாள்.

இரண்டாவது நடை. தட்டினேன். கொஞ்சம் கழித்துத் தட்டினாள்.

மூன்றாவது நடை. தட்டினேன். சத்தமில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்தேன். மறுபடியும் தட்டினேன். இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று சுவரில் காதை வைத்தேன்.

முறத்தைப் போட்டுவிட்டு முன்கதவைத் திறந்து, சுற்றிக்கொண்டு சந்துக்கு ஓடினேன். தாழ்ப்பாளை இழுத்தேன். கதவு திறக்கவில்லை. ஏதோ தடுத்தது. தள்ளினேன். அவள்தான். கதவோடு ஒட்டித் தரையில் குப்புறக் கிடந்தாள். ஈரச் சாக்கை உருவி எறிந்துவிட்டு, கதவின் அடி இடுக்கில் வாயை வைத்துக் கிடந்தாள்.

அறைக்குள் கண்ணாடி ஓட்டில் இருந்து வெயில் விழுந்துகொண்டிருந்தது. அந்த வெயில் சிவப்பாக இருந்தது. மேலே திணித்த சாக்கு உள்பக்கமாக உப்பியிருந்தது. அதன் ஓரத்தில் எல்லாம் மிளகாய்த் தூள் மிதந்து மிதந்து இறங்கியது.

அவளைத் தூக்கித் தோளில் போட்டேன். உதடு நீலம். விசில் சத்தம்கூட வரவில்லை. அவ்வளவுதான் மூச்சு. அப்போதும் ஒன்றைப் பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்று தெரியவில்லை. சந்தில் ஃபேன் ஓட்டைக்குக் கீழே சுவர் வெள்ளையாக இருந்தது. மிளகாய் அரைத்தால் அங்கே சிவப்பாகப் படிந்திருக்க வேண்டும். ஒரு பொட்டுத் தூள் இல்லை.

டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் பாலை அடுப்பில் அப்படியே விட்டுவிட்டு சைக்கிளை எடுத்தார்.

"ஏறுங்க அண்ணி. பேசாதீங்க. புடிச்சி உக்காருங்க."

வயதான சிஸ்டர் ஊசி போட்டார். நான் தரையில் உட்கார்ந்து அவளைச் சாய்த்து வைத்திருந்தேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அந்த விசில் சத்தம் வந்தது. வாழ்க்கையில் அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

"இன்னொரு தடவ இந்த மாதிரி கொண்டாந்தா என்னால முடியாதும்மா," என்றார் சிஸ்டர். கோபமாகச் சொல்லவில்லை.

இரண்டு நாள் அங்கேயே இருந்தோம். மூன்றாம் நாள் அறைக்கே திரும்பினோம். வேறு எங்கே போவது?

வீட்டுக்காரர் சோறு தின்னவில்லை என்று டீக்கடைக்காரர் சொன்னார். என்னைப் பார்த்ததும், "சாக்கு பத்தல. இன்னும் ரெண்டு சாக்கு திணிச்சிடறேன்," என்றார்.

"சாக்கு இல்லீங்க. இன்ஜினைப் போடுங்க."

"எதுக்கு?"

"போடுங்க. சொல்றேன்."

மெஷினை விட்டுவிட்டு ஷாஃப்டை மட்டும் ஓடவிட்டார். ஃபேன் சுற்றியது. கை நிறையத் தவிடு எடுத்துக்கொண்டு அவரைச் சந்துக்கு அழைத்துப் போனேன். ஃபேன் ஓட்டைக்கு முன்னால் தவிட்டைத் தூவினேன். ஒரு துளி கீழே விழவில்லை. எல்லாவற்றையும் ஃபேன் உள்ளே இழுத்துக்கொண்டது. பக்கத்தில் இன்ஜின் புகைக்குழாய். அந்தப் புகையும் வளைந்து வளைந்து அந்த ஓட்டைக்குள்தான் போய்க்கொண்டிருந்தது.

அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பெல்ட்டைக் குறுக்கே போட்டால் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். மில்காரருக்கு இது தெரியாதா? தெரியும். மெஷினுக்கு என்றால் பார்த்திருப்பார். ஃபேன் எந்தப் பக்கம் சுற்றினாலும் ஃபேன்தானே என்று இருந்துவிட்டார். நாங்களும் அதன் முன்னால் முந்தானை விரித்து நின்றோம். சாத்திய மில்லுக்குள் அது காற்றைத் தள்ளத் தள்ள, உள்ளே இருந்த தூள் போக வழி தேடியது. முன்கதவு இடுக்கு ஒரு வழி. எங்கள் சுவருக்கு மேலே இருந்த ஒரு முழம் இன்னொரு வழி.

அவர் சாய்ப்புக் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தானா புள்ள?"

"ரெண்டு பேருந்தான். தாழ்ப்பா போட்டது நானு."

அவர் எழுந்து போய் இன்ஜினை நிறுத்தினார்.

அன்றைக்கே இறக்கையைக் கழற்றித் திருப்பி மாட்டிப் பார்த்தார். முன்பக்கம் பின்பக்கமாக. அப்போதும் காற்று உள்ளேதான் வந்தது. எதற்கு என்று அவருக்கும் விளங்கவில்லை. இறக்கையைத் திருப்பினால் ஆகாது, சுற்றுகிற பக்கம்தான் மாற வேண்டும். பெல்ட்டை நேராகப் போட்டார். தவிட்டைத் தூவினேன். ஃபேன் என் முகத்திலேயே அதைத் திருப்பி அடித்தது. கண்ணெல்லாம் தவிடு. சரி என்றேன்.

ஆனால் நேர் பெல்ட் வழுக்கும். பழைய கதைதான். வழுக்காமல் இருக்க பெல்ட்டின் உள்பக்கம் பிசின் கட்டியைத் தேய்க்க வேண்டும். ஒரு தடவை தேய்த்தால் ஒரு நடை மிளகாய்க்குக்கூடத் தாங்காது. மாவு படியப் படியத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓடுகிற பெல்ட்டில் கை வைக்கிற வேலை. அவர் இன்ஜினையும் மெஷினையும் விட்டு வர முடியாது. நான் நின்றேன்.

அந்தக் கோடையும் நின்றேன். அடுத்த கோடையும் நின்றேன். கரண்ட் போனால் என் இடம் அதுதான். ஷாஃப்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கும் அகலம். முன்னால் பெல்ட், பின்னால் சுவர். சேலையை இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொள்வேன். அசைந்தால் தொலைந்தேன். வலது கையில் பிசின். வழுக்கும் சத்தம் கேட்டால் தேய்ப்பேன். அந்தச் சத்தம் ஒரு பூனைக்குட்டி கத்துகிற மாதிரி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டே செய்யலாம். மூடிக்கொண்டுதான் செய்தேன். கட்டைவிரல் நகம் இரண்டு தடவை போய் முளைத்தது.

தானியம் வைத்துக்கொண்டு நிற்கிற பொம்பளைகள் கதவு இடுக்கில் எட்டிப் பார்ப்பார்கள்.

"என்னாடீ இது, செவுத்துல ஆணி அடிச்சி மாட்டி வெச்சிருக்கறான் உன்னைய?"

"ஆமாங்க ஆயா. எறக்கி விட ஆளு இல்ல."

சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வாயைத் திறந்தால் மிளகாய் போகும், அதனால் கொஞ்சமாகச் சிரிப்பேன்.

அறைக் கதவின் வெளித்தாழ்ப்பாளை வீட்டுக்காரர் பிடுங்கிவிட்டார். ஃபேன் சரியாக ஓடினால் சந்தில் தூள் கொட்டும். அதனால் கதவைச் சாத்தித்தான் வைக்க வேண்டும். மகளுக்குச் சொன்னேன், மூச்சு முட்டினால் நீயே திறந்துகொண்டு டீக்கடைக்கு ஓடிவிடு, முட்டாவிட்டால் அம்மா வருகிறவரைக்கும் திறக்காதே என்று. அவள் தலையை ஆட்டினாள். திறந்துதான் இருக்கிறது என்று தெரிந்தும் அவளாக உள்ளே உட்கார்ந்திருப்பாள். நான் இருக்கிற இடத்தில் இருந்து அந்தச் சுவர் எட்டாது. அவர்தான் தட்டுவார். டம்ளர் சத்தம் கேட்டதும் என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டுவார். நான் பிசினைத் தேய்ப்பேன்.

அடுத்த வருடம் மாசியில் வேறொரு கல்யாண வீடு. மூன்று மூட்டை. கரண்ட் இல்லை. காலையில் ஆரம்பித்து மத்தியானம் தாண்டியும் ஓடியது. அவர் தட்டினார், விரலைக் காட்டினார். தட்டினார், விரலைக் காட்டினார். கடைசிக்கு முந்தின நடைக்குத் தட்டினார். என் பக்கம் திரும்பவில்லை. மறுபடி தட்டினார்.

நான் எப்படி அந்த இடுக்கில் இருந்து வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. முந்தானை பெல்ட்டில் கொஞ்சம் கிழிந்து போயிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். சந்துக்குப் போய்க் கதவைத் தள்ளினேன். தடையில்லாமல் திறந்தது.

பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். டம்ளர் கைக்குள் இருந்தது. வாய் மூடியிருந்தது. வாயை மூடிக்கொண்டு அவள் தூங்கி நான் அதுவரை பார்த்ததில்லை. குனிந்து நெஞ்சில் காதை வைத்தேன். விசில் இல்லை. வேர்வை வாசம் மட்டும். கண்ணாடி ஓட்டில் இருந்து விழுந்த வெயில் சும்மா வெயிலாக இருந்தது.

எழுப்பவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் பூனைக்குட்டிச் சத்தம் கேட்டது. கூடவே அவர் குரல்.

"என்னா புள்ள? இருக்குதா?"

"தூங்குதுங்க."

அப்புறம், "பெல்ட்டு வழுக்குது, வா," என்றார்.

ஈரச் சாக்கைக் கதவடியில் சரியாக வைத்துச் சாத்திவிட்டுப் போனேன்.